நாற்பதாவது வரி

வலது கை ஆள்காட்டி விரலுக்கு ஐந்து மாதச் சம்பளம், நடு விரலுக்கு நான்கு. டப்பாக் கம்பெனி அலுவலகத்தில் இதற்கென்று அச்சடித்த பட்டியலே இருந்தது. ஒரு சட்டைத் தையல் கூலிக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிற டைலர், அங்கே வேலை செய்த மனைவி மெஷினில் இழந்த இரண்டு விரல்களுக்கு மட்டும் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பேரம் பேச வேண்டுமென்றால், விலை படியவில்லை என்று சரக்கை எடுத்துக்கொண்டு கிளம்பவாவது வழியிருக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் புண் ஆறிவிட்டது. ஆனால் அவள் அந்தக் கையைத் துண்டுக்குள் மறைத்து மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அலமாரியில் மகளுக்காகப் பின்ன ஆரம்பித்த ஸ்வெட்டர் கிடந்தது. முன்பக்கம், பின்பக்கம், இடது கை எல்லாம் முடிந்து, வலது கை மட்டும் பாக்கி. வேலை கிடைத்துக் குளிர் ஊருக்குப் போகிற மகள் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏற வேண்டும்.

"அந்த ஊசி, நூலு எல்லாத்தையும் மாடி வீட்டு அக்காகிட்ட கொடுத்துடுங்க. எனக்கு எதுக்கு இனிமே?" என்றாள்.

டைலர் அலமாரியைப் பார்த்தார். இன்றைக்கு ஊசி போனால் நாளைக்கு இவள் என்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள்?

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு. நான் போட்டு முடிக்கிறேன். முடியலைன்னா நானே மாடி ஏறிக் கொடுத்துட்டு வரேன்."

"நீங்களா?"

"ஏன், நாப்பது வருஷமா ஊசி பிடிக்கிறவன்தானே?"

"அது காது உள்ள ஊசிங்க."

அதுதான் வினையாகிப்போனது. கடையில் நாள் முழுக்க மெஷின் மிதித்துவிட்டு வந்த காலோடு உட்கார்ந்தால், இந்த ஊசிகளுக்குக் காதும் இல்லை, குத்துகிற முனையும் இல்லை. நூலோ தைக்கப்படுவதற்குப் பதில் தன்னைத்தானே கோத்துக்கொண்டு போனது. அவள் சுவரைப் பார்த்தபடியே சொல்லிக்கொடுத்தாள். ஒரு வரிக்கு நாற்பது கண்ணி. நடுவில் இருக்கிற ஆறுதான் கயிறு முறுக்கினாற்போல் ஓடுகிற கேபிள். எட்டு வரிக்கு ஒரு தடவை, முதல் மூன்று கண்ணியைக் குட்டி ஊசியில் ஏற்றி முன்னால் தொங்கவிட வேண்டும்; அடுத்த மூன்றைப் பின்னிவிட்டு, தொங்குகிற மூன்றைப் பிறகு பின்ன வேண்டும். வரிசையில் நிற்கிறவனை ஒதுக்கிவிட்டுப் பின்னால் வந்தவனுக்கு முதலில் துணி கொடுக்கிற வேலை. டைலருக்கு அது புதிதில்லை. ஆனாலும் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது.

சனிக்கிழமை மத்தியானம் நாற்பத்து நான்கு வரி ஆகியிருந்தது. வேண்டியது தொண்ணூற்றாறு. ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தவர் முகம் சுருங்கியது. நாலு முறுக்கு இடது பக்கம் சாய, ஐந்தாவது மட்டும் வலது பக்கம் சாய்ந்து நின்றது. நாற்பதாவது வரியில், தூக்கக் கலக்கத்தில், குட்டி ஊசியை முன்னால் விடாமல் பின்னால் விட்டிருக்கிறார்.

தையல்காரனுக்குத் தப்பைக் கண்டால் கை ஒரே ஒரு சாமானைத்தான் தேடும். தப்பை வெட்டி எடு, ஒட்டுப் போடு, மேலே இஸ்திரி போட்டால் வாடிக்கையாளரின் மாமியாருக்கும் தெரியாது. டைலர் கத்தரியை எடுத்து, தப்பான முறுக்கின் நடுவே ஒரு இழையை நறுக்கென்று வெட்டி, பிசிறை இழுத்தார்.

"ஐயையோ, இழுக்காதீங்க!"

பிசிறு வந்துகொண்டே இருந்தது. ஒரு கண்ணி வாயைப் பிளந்தது, பக்கத்துக் கண்ணியும் பிளந்தது. வெட்டுகிறபோது துணி அவிழும் என்பதை நாற்பது வருஷத்தில் அவருக்கு எந்தத் துணியும் சொன்னதில்லை.

கையை மூடியிருந்த துண்டு தரையில் விழுந்தது. அவள் பாய்ந்து வந்து குட்டி ஊசியைப் பறித்து, கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, திறந்து நின்ற கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பிடித்தாள். ஆறாவது கண்ணி இரண்டு வரி கீழே ஓடியிருந்தது. அதையும் எட்டிப் பிடித்தாள்.

"கம்பளியில போய்க் கத்தரி வைப்பாங்களா யாராவது? நீங்கல்லாம் ஒரு டைலரு!"

இரண்டு மாதத்தில் அவள் அவரைத் திட்டியது அதுதான் முதல் தடவை. டைலர் குற்றவாளி மாதிரி நின்றார். உள்ளுக்குள் அலுப்புக்கு நடுவே எங்கோ லேசாக இருந்தது.

"முப்பத்தெட்டு வரைக்கும் உருவுங்க. மெதுவா. பிறகு இப்படி வந்து ஒட்டி உட்காருங்க."

ஊசியை நகர்த்த அவளால் முடிந்தது. நூலைச் சுற்றத்தான் விரல் இல்லை. அவள் ஊசியை நுழைத்தாள், அவர் நூலைச் சுற்றினார். இருவர் முழங்கையும் இடித்துக்கொண்டன.

"இறுக்காதீங்க. அது என்ன, கடன் வாங்கினவன் கழுத்தா?"

இருட்டுவதற்குள் இருவருக்கும் கண் எரிந்தது.

மறுநாள் மகள் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வண்டி ஏறினாள். "அவசரமே இல்லம்மா, பார்சல்ல அனுப்பு" என்றாள். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, மாடி வீட்டு அக்கா பையோடு வாசலில் நின்றாள்.

"ஊசியெல்லாம் தரேன்னு சொன்னியாமே? உன் பொண்ணு போறப்போ சொன்னா."

டைலர் மனைவியைப் பார்த்தார். சொன்ன கெடு முடிந்துவிட்டது.

அவள் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வலது கையின் மிச்ச விரல்களை மடக்கி எண்ணினாள்.

"வேண்டியது தொண்ணூத்தாறுக்கா. இவரு போட்டதுல தேறினது முப்பத்தெட்டு. நேத்து ரெண்டு பேருமாச் சேர்ந்து பதினொண்ணு. இன்னும் நாப்பத்தேழு வரி பாக்கி இருக்கு."