வீடியோவில் வந்த காது

செல்போனில் வைத்தியம் பார்ப்பதைப் பற்றி யார் கேட்டாலும் டாக்டர் நெடுமாறனிடம் ஒரே பதில்தான் இருந்தது. "வயித்த அமுக்கிப் பாக்காம வயித்து வலிக்கு மருந்து எழுதுறவன் டாக்டர் இல்ல, ஜோசியக்காரன்." செஞ்சியில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களுக்கு ஊசி போட்டவர். டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். இளம் டாக்டர்கள் மட்டும் தட்டவில்லை; குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவர், சென்னையிலிருந்து வந்த தங்கை குடும்பத்துக்கு ராஜகிரிக் கோட்டையைக் காட்டப் போனார். இறங்கும்போது ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்காகக் குரங்கோடு மல்லுக்கட்டி, படியில் சறுக்கி, கணுக்காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டார்கள். வீடு மாடியில், கிளினிக் கீழே. இறங்கவே கூடாது என்றாகிவிட்டது.

அவர் மனைவி கலைவாணி கணக்கு டீச்சர். கொரோனா காலத்தில் வீடியோவில் வகுப்பெடுத்துப் பழகியவர். "நாள் பூரா என்னை அதிகாரம் பண்றதுக்கு பேஷண்ட அதிகாரம் பண்ணுங்க" என்று சொல்லி, ஒரு செயலியை இறக்கி, செல்போனை ஊறுகாய் ஜாடிமேல் சாய்த்து நிறுத்தினார்.

முதல் அழைப்பில் திரை முழுக்க ஒரு காது வந்தது. முடி முளைத்த, மண் ஒட்டிய, பெரிய காது.

"காதுல என்ன?"

"காதுல ஒண்ணும் இல்ல டாக்டரு. நான் அனந்தபுரம் யாகப்பன். சக்கர மாத்திர தீந்துடுச்சி."

"யாகப்பா, இது வீடியோய்யா. போன மூஞ்சிக்கு நேரா புடி."

"அப்பறம் எப்படி டாக்டரு கேக்கும்?"

கத்திக் கத்தி டாக்டருக்குத் தொண்டை கட்டியது. கடைசியில் யாகப்பன் போனை அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டு, போட்டோ எடுக்க உட்காருவதுபோல எதிரே விறைப்பாக உட்கார்ந்தார். பின்னால் அடுப்பங்கரை வாசலில் அவர் மனைவி ஆரோக்கியம் நின்றார்.

"இனிப்பெல்லாம் எப்படி?"

"இனிப்பா? கையால தொடறதில்ல டாக்டரு."

ஆரோக்கியம் சத்தமில்லாமல் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்து போன் பக்கம் சாய்த்துக் காட்டினார். அதிரசம்.

"டீ?"

"சக்கர இல்லாமத்தான்."

ஆரோக்கியம் நாலு விரலைக் காட்டினார். பிறகு யோசித்து ஐந்தாவதையும் நீட்டினார்.

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வருஷக்கணக்காக இந்த மனுஷன் பேச்சை நம்பி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். ஆரோக்கியமும் கூடவே வருவார்தான். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளாவது அவரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துக் கலைவாணி ஒரு தட்டைக் கொண்டுவந்து டாக்டர் முன்னால் வைத்தார். யாகப்பன் கண்ணைச் சுருக்கினார்.

"டாக்டரு, அது வாழக்கா பஜ்ஜிதான?"

"அது... டீச்சருக்கு."

டாக்டர் முதுகுக்குப் பின்னால் கலைவாணி இல்லையென்று தலையாட்டினார்.

அதைப் பார்த்ததும் ஆரோக்கியத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. "டாக்டரு, மொதல்ல கால காட்டச் சொல்லுங்க. செருப்பு கடிச்சிதுன்னு துணி சுத்திக்கினு கீறாரு, என்கிட்ட காட்டவே மாட்டேங்கறாரு!"

போன் கையில் ஆடிக்கொண்டு சீலிங் ஃபேனைக் காட்டியது, மாதா படத்தைக் காட்டியது, கடைசியில் உள்ளங்காலுக்கு வந்தது. கட்டைவிரலுக்குக் கீழே கறுப்பாக ஒரு புண். சுற்றிலும் சிவப்பு.

"வலிக்குதா?"

"கொஞ்சங்கூட வலியே இல்ல டாக்டரு" என்றார் யாகப்பன் பெருமையாக.

வாய்க்குப் போன பஜ்ஜியை டாக்டர் தட்டிலேயே வைத்தார். பழைய சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண் இருந்து வலி இல்லையென்றால், கால் உணர்ச்சி செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"சுத்தி அமுக்கணும், சூடு பாக்கணும், மோந்து பாக்கணும். இந்த போன்ல அதெல்லாம் நடக்காது. உடனே ஆட்டோ புடிச்சி வா."

"அதான் போன்லயே பாத்துட்டீங்களே. ஒரு மாத்திர சொல்லுங்க, போதும்."

"உனக்குக் கால் வேணுமா, வேணாமா?"

ஆரோக்கியம் போனைப் பிடுங்கினார். "தோ, கெளம்பிட்டோம் டாக்டரு."

ஆட்டோ வந்து வாசலில் நின்றதும் யாகப்பன் மாடிப்படியில் கால் வைக்கப் போனார். "அந்தக் காலால ஒரு படி ஏறக் கூடாது!" என்று மேலிருந்து டாக்டர் கத்தினார். "நீங்களும் எறங்கக் கூடாது" என்றார் கலைவாணி. டாக்டர் கேட்கவில்லை. மேல்படியில் உட்கார்ந்து, மாவுக்கட்டை முன்னால் நீட்டிக்கொண்டு, பிருஷ்டத்தாலேயே ஒவ்வொரு படியாக இறங்கினார். எதிர் டீக்கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு வந்து நின்றார்கள்.

"கொரங்கு தள்ளிடுச்சாமே டாக்டரு?" என்று அக்கறையாக விசாரித்தார் யாகப்பன்.

"நீ கால நீட்டு."

அமுக்கியதும் சீழ் வந்தது. யாகப்பன் அதைக் கவனிக்கக்கூட இல்லை, மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அங்கேயே சுத்தம் செய்து கட்டி, அன்றைக்கே விழுப்புரத்தில் தெரிந்த சர்ஜனிடம் அனுப்பினார். கொஞ்சம் சதை போனது. விரல் தப்பியது. இன்னும் தாமதித்திருந்தால் முட்டிவரை போயிருக்கும் என்று சர்ஜன் சொன்னபோதுதான் ஆரோக்கியம் அழுதார்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் டாக்டர் வாரம் ஒருநாள் வீடியோவில் உட்காருகிறார். ஜோசியக்காரன் என்ற பேச்சை முழுதாக விட்டுவிடவில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: பேசும்போது வீட்டு மனுஷர் ஒருவர் பின்னால் நிற்க வேண்டும்.

போன வாரம் யாகப்பன் மல்லாட்டைக் கொல்லையிலிருந்து கூப்பிட்டார். பின்னால் நிலக்கடலைச் செடியும் வானமும்தான் தெரிந்தன.

"ஆரோக்கியம் எங்கய்யா?"

"வூட்ல டவர் கெடைக்கல டாக்டரு. அதான் இங்க வந்துட்டேன்."

"பரவால்ல, அவங்க நம்பரக் குடு. நான் பேசிக்கிறேன்."

யாகப்பன் போனை மூஞ்சிக்கு இன்னும் நேராகப் பிடித்தார்.

"வேணாம் டாக்டரு" என்றார். "நானே உண்மையச் சொல்லிடறேன்."