அட்டைக்குப் பின்னால் உருண்ட பகடை

அமிர்தியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பாயில் மூன்று பேர்: சரிதா, அவள் அண்ணன் குமரேசன், வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்த சிநேகிதன் வக்கார்.

அவர்கள் ஆடுவது ஒரு கதை விளையாட்டு; கதையை நடத்துவது குமரேசன். மற்ற இருவரும் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு அதற்குள் போவார்கள். ஆபத்து வந்தால் இருபது முகப் பகடை உருளும். குமரேசன் சொன்ன எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ உயிர், தவறினால் சாவு. செத்த பாத்திரத்தின் தாளைக் கிழித்துவிட வேண்டும். ஆபத்துப் பகடையை மட்டும் குமரேசனே ஓர் அட்டைக்குப் பின்னால் உருட்டி எண்ணைச் சொல்வான். அப்போதுதான் திகில் இருக்குமாம். பெரிய திகில் மன்னன்!

சரிதாவின் பாத்திரமான வேங்கையரசி பத்து மாதமாக உயிரோடு இருந்தாள். இன்று நாகம் தீண்டிவிட்டது. பதிமூன்று வேண்டும்.

அட்டைக்குப் பின்னால் பகடை உருண்டது.

"பதினேழு. பொழச்சிட்ட," என்றான் குமரேசன்.

வக்கார் சிரித்தான். "எனக்கு மூணு ஆளு செத்தாச்சி. ஒந்தங்கச்சிக்கு ஒரு கீறல்கூட இல்ல. இன்னா ராசிடா இது!"

விளையாட்டாகத்தான் சொன்னான். சரிதாவின் பார்வையோ அட்டைமேல் போய் நின்றது. தாண்டிய பள்ளம், கொன்ற கரடி, எதுவுமே தன்னுடையது இல்லையா?

"அட்டைய எடுண்ணா."

"ஆட்டத்த கெடுக்காத."

அவளே எடுத்தாள். பகடையில் நான்கு.

பாயைப் பார்த்தபடியே பேசினான் குமரேசன். "போன வருசம் டெங்குல பதினோரு நாளு ஆஸ்பத்திரில கெடந்த. டாக்டரு கையவிரிச்சிட்டாரு. ஒருதபா பாத்தது போதும். பேப்பர்லகூட என்னால பாக்க முடியல."

அண்ணன்மேல் கோபமும் பாசமும் ஒருசேரப் பொங்கின அவளுக்கு. ஆனாலும் பகடையை எடுத்தாள். வேங்கையரசி செத்துவிடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. கண்ணை மூடாமல் உருட்டினாள்.

ஐந்து.

"பாய வுட்டு வெளிய பூட்சி. செல்லாது, இன்னொருதபா போடு," என்றான் குமரேசன் அவசரமாக.

பகடை நட்டநடுப் பாயில் கிடந்தது.

சரிதா தாளை இரண்டாகக் கிழித்தாள். அவள் அழவில்லை, குமரேசன்தான் அழுதான். அவள் நகர்ந்து வந்து அவன் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள்.

"தொட்டுப் பாருண்ணா. காய்ச்சல் இல்ல. நா இங்கதான் கீறேன்."