மூன்றாம் வளைவு வீடு

1

இந்தக் கதை என்னுடையதில்லை, கேட்டு வாங்கியது. நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜெஸிந்தா டீச்சர் சொன்னார். எழுதட்டுமா என்றேன். "எழுதுங்க. என்னைய நல்லவளாக் காட்டிப்போடாதீங்க" என்றார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: காட்டோரக் குடிசையிலிருந்து, யாரிடமும் பேசாத ஒரு சிறுமி, பனிக்குள்ளிருந்து...

போனில் வாசித்தபோதே டீச்சர் நிறுத்திவிட்டார். "ஏனுங்க, பயங்காட்டறதுன்னா காட்டுப் பிள்ளைதான் வேணுமா? எங்கிட்ட படிச்ச அந்தப் பிள்ளைக வாய மூடவே மாட்டாங்க."

அந்த வரியை அடித்துவிட்டேன். (இங்கே விட்டுவைத்திருப்பது, முதலில் என் கை எங்கே போனது என்று நீங்கள் பார்ப்பதற்காக.)

2

1975. ஜெஸிந்தா குன்னூரிலிருந்து புதிதாக வந்தவர். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் 'நம் ஊர்' என்றொரு பாடம். ஆறு, வயல், தேர். வகுப்பில் யாருடைய ஊரிலும் வயல் இல்லை. புத்தகத்தை மூடச் சொன்னார். "அவங்கவங்க ஊட்டுல இருந்து இங்க வர்ற வழிய வரைங்க."

மூன்று பிள்ளைகளைச் சொன்னால் போதும். மளிகைக்கடைக்காரர் மகள் அமீனா. படகர் வீட்டு மாதி. சிலோனிலிருந்து குடும்பத்தோடு அப்போதுதான் வந்திறங்கிய பேச்சி. மூவரும் வருவது வேறு வேறு திசையிலிருந்து. கடைசியில் ஒரே தேயிலைச் சரிவில் ஏற வேண்டும். அந்தப் பாதையின் மூன்றாம் வளைவில் மூவரும் ஒரு வீடு வரைந்திருந்தார்கள்.

டீச்சரும் தினம் அந்த வழியில்தான் ஏறினார். அங்கே தேயிலையைத் தவிர ஒன்றும் கிடையாது.

"இது யாரு ஊடு?"

"அவங்க ஊடு" என்றாள் அமீனா.

"அவங்கன்னா?"

மாதிதான் சொன்னாள். "தினமும் வாசல்ல நிப்பாங்களே டீச்சர். நீங்க பாக்காமப் போயிருவீங்க. அவங்களுக்கு வருத்தம்."

3

பேசிவைத்துக்கொண்டு வரைந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். மறுநாள் தனித்தனியாக உட்காரவைத்து மறுபடி வரையச் சொன்னார். அமீனா வரைந்த வாசல் பள்ளத்தைப் பார்த்தது, மாதியுடையது மேட்டைப் பார்த்தது. பேச்சியின் வீட்டுக்குத் தகரக் கூரை, அதில் புகை. வீடு மட்டும் அதே வளைவில் இருந்தது.

(இங்கே ஒரு விளக்கம் எழுதினேன். முன்னொரு காலத்தில் அங்கே தீப்பிடித்த ஒரு... வேண்டாம். எனக்குத் தெரியாது.)

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரவிருந்தார். தலைமையாசிரியர் இசக்கிமுத்து படங்களைப் பார்த்துவிட்டு, "ஆளுக்கொரு ஊரா வரைஞ்சா பாடம் நடத்துன மாதிரியா இருக்கும், டீச்சர்?" என்றார்.

"அவரு மேல பழி போட வேண்டாமுங்க" என்றார் ஜெஸிந்தா என்னிடம். "எனக்குப் பயம். அதான் நெசம்."

வீட்டை அழிக்கச் சொன்னார். அமீனாவும் மாதியும் அழித்தார்கள். பேச்சி படத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். டீச்சர் அந்தக் கையை விலக்கிவிட்டுத் தானே அழித்தார். வீட்டோடு வழியும் அழிந்தது.

மறுநாள் மூவரும் ஒரு மணி நேரம் தாமதமாக, தொப்பலாக நனைந்து வந்தார்கள். சரிவில் ஏறாமல், தேயிலை ஃபேக்டரியைச் சுற்றி வந்திருந்தார்கள்.

"எதுக்கு அப்பிடி வந்தீங்க?"

"அந்தப் பக்கம் வழி இல்லைதானே டீச்சர்" என்றாள் பேச்சி. "நீங்க அழிச்சிட்டீங்க."

அதில் கோபமே இல்லை. எட்டு நாள் மழையில் அப்படியே வந்தார்கள். ஒன்பதாம் நாள் பேச்சி வரவில்லை, காய்ச்சல். டீச்சர் போய்ப் பார்த்தார். பிள்ளை கண்ணைத் திறந்து, மன்னிப்புக் கேட்பதுபோல, "நாளைக்கு இன்னும் வெள்ளன எழும்புறேன் டீச்சர்" என்றாளாம்.

இந்த இடத்தில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

4

மறுநாள் டீச்சர் கரும்பலகை முழுக்க அந்தப் பாதையை வரைந்தார். மூன்றாம் வளைவில் அமீனா சொன்ன வாசல், மாதி சொன்ன வாசல், பேச்சியின் கூரைக்குக் கீழே இன்னொன்று. இன்ஸ்பெக்டர் வந்து நெடுநேரம் பார்த்தார். "மூணு வாசலா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பேச்சிக்குக் குணமான பிறகு ஒரு காலை, டீச்சர் முன்னதாகவே வளைவில் போய் நின்றார். எதிரில் நிற்பவர் தெரியாத பனி. மூன்று பிள்ளைகளும் நேர்வழியில் ஏறி வந்தார்கள். பக்கத்தில் வந்ததும், தேயிலை இருந்த பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். மாதி எதற்கோ "சரிங்க" என்றாள். பேச்சி டீச்சரின் சேலையை மெல்ல இழுத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர். அவங்களுக்கு வாசல் மறையுது."

எந்தப் பக்கம் தள்ளி நிற்பது என்று ஜெஸிந்தாவுக்குத் தெரியவில்லை.

5

மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் டீச்சர் வீட்டைப் பார்த்துவிடுகிறார். இன்னொன்றில் பிள்ளைகள், சும்மா விளையாட்டு என்கிறார்கள். மூன்றாவது: அவர் இடதுபக்கம் ஓரடி...

வாசித்துக் காட்டினேன். "அங்க நின்னது நீங்களா?" என்று கேட்டார் டீச்சர். மூன்றையும் எடுத்துவிட்டேன். அவரும் அதற்குமேல் சொல்லவில்லை.

அதனால் அந்த இடத்தில் நீங்கள்தான் நிற்கிறீர்கள். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் தேயிலை, இரண்டும் தெரியவில்லை. பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். மணியடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.