மேஜரின் மழுங்கிய கத்தி

தம்பிக்காரன் உலகத்தை அழித்து முடித்துவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்தான். கையில் ஒரு கத்தைக் காகிதம். தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அதை அக்காவின் முன்னால் நகர்த்தினான்.

"படிச்சுப் பாரு. கத்தி அத்தியாயம். உன் டிபார்ட்மென்ட்தானே."

அக்காவின் டிபார்ட்மென்ட் கோழி. ஊருக்கு வெளியே இருக்கும் இறைச்சித் தொழிற்சாலையில், ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ட்டுக்கு முன்னால் நின்று, கோழித் தொடையிலிருந்து எலும்பைப் பிரித்தெடுப்பது. நிமிஷத்துக்கு ஏழு தொடை, பத்தொன்பது வருஷம். அவள் நிற்கும் இடத்தின் எண் ஒன்பது. அதனால் அங்கே அவள் பெயரே ஒன்பதுதான்.

தம்பி அச்சகத்தில் லேபிளும் ரசீதுப் புத்தகமும் வடிவமைப்பவன். அது சோறு போடும் வேலை. ஆசைக்கு ஓர் ஆட்டத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தான். பலகை கிடையாது, காய் கிடையாது. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தங்களைச் சிப்பாய்களாக நினைத்துக்கொள்ள வேண்டும். தம்பி கதை சொல்லுவான், மற்றவர்கள் "நான் இப்ப இதைச் செய்றேன்" என்பார்கள், செய்தது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். கதைப்படி பெரும்போர் வந்து உலகம் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு படைப்பிரிவு. தோட்டாவெல்லாம் தீர்ந்துபோய் இப்போது கத்தி, கோடரி, இரும்புத்தடியோடு அலைகிறார்கள்.

அச்சகத்துக்காரன் இல்லையா, புத்தகத்தை நிஜ ராணுவக் கையேடு மாதிரியே செய்திருந்தான். பழுப்பு அட்டை, வட்ட முத்திரை, 'எஞ்சிய படைப்பிரிவு: களக் கையேடு' என்ற தலைப்பு, அதற்குக் கீழே சிவப்பில் 'அதிகாரிகளின் பயன்பாட்டுக்கு மட்டும்'.

அக்கா முதல் வரியைப் படித்தாள். 'போர்க்கத்தி. சேதம்: நான்கு. தேய்மானம்: இல்லை.'

"அதென்னடா தேய்மானம் இல்லைன்னு?"

"கத்தி என்ன தேயவா போகுது?"

"நீ தேயறே, நான் தேயறேன், கத்தி மட்டும் வரம் வாங்கிட்டு வந்துச்சா?"

தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். வலது கையால் மட்டும் பிடித்தால் இப்போதெல்லாம் நழுவிவிடுகிறது. காலையில் எழுந்தால் மூன்று விரல் மரக்கட்டை. இப்படியே இன்னொரு வருஷம் போனால் விரல் மடங்காது, அப்புறம் என்னிடம் வந்து பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். விரல் மடங்காதவளுக்குப் பெல்ட்டில் இடம் கிடையாது. வேறு தொழிலும் அவளுக்குத் தெரியாது.

கை கெட்டது கோழியால் இல்லை. மூன்று மாதம் முன்புவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெல்ட் பத்து நிமிஷம் நிற்கும். எல்லோரும் கத்தியைத் தீட்டிக்கொள்வார்கள். புதிதாக வந்த சூப்பர்வைசர் அதை எடுத்துவிட்டார். காலையில் மெஷினில் மொத்தமாகச் சாணை பிடித்துத் தந்துவிடுவார்கள், அதோடு சரி. ஒரு மணி நேரத்தில் கத்தி மழுங்கிவிடும். அதற்குப் பிறகு வெட்டுவது கத்தி இல்லை, மணிக்கட்டு. இருபத்தோரு பேர் கையெழுத்துப் போட்டு இரண்டு தரம் மனு கொடுத்தார்கள். "கத்தின்னா வெட்டத்தான்மா செய்யும்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

இதில் கூத்து என்னவென்றால், லேபிள் வாங்க அச்சகத்துக்குப் போன அதே சூப்பர்வைசர் இந்த ஆட்டத்தைப் பார்த்து மயங்கி, ஏழு வாரமாக ஞாயிறு மத்தியானம் தவறாமல் இந்த வீட்டு முன்னறையில் ஆஜர். ஒரு தடவை அக்கா டீ கொடுத்துக்கொண்டே பேச்செடுத்துப் பார்த்தாள். "ஃபேக்டரி விஷயம் ஃபேக்டரியில பேசுவோம்மா. இன்னிக்கு லீவு" என்றார் அவர், பகடையைக் குலுக்கியபடி.

"சரி, நீயே சொல்லு. நான் எழுதிக்கறேன்" என்று தம்பி பேனாவை எடுத்தான்.

"எலும்புல முட்டினா முனை மடங்கும். ஆறு தடவை முட்டினா அது கத்தி இல்ல, கரண்டி."

"கை ஈரமா இருந்தா?"

"பிடி வழுக்கும். குத்தறப்போ எதுலயாவது முட்டிச்சுன்னா கத்தி நின்னுடும், கை நிக்காது. நேராப் போய் கூர்மேல உட்காரும். எங்க லைன்ல நாலு பேருக்கு விரல் போச்சு. எந்த எதிரியும் வந்து வெட்டல."

தம்பி சாப்பாட்டை மறந்து எழுதினான்.

"கோடரி?"

"காம்பு காஞ்சா தலை கழண்டு பறக்கும். முதல் நாளே தண்ணியில ஊறப் போடணும். அது சரி, மண்வெட்டிக்கு ஏண்டா சேதம் ஒண்ணுன்னு போட்டிருக்கே? முப்பது வருஷம் குழி வெட்டின மனுஷனோட பிள்ளை நீ. அப்பா இருந்திருந்தா அதாலயே உன் மண்டையில ஒண்ணு வச்சு எத்தனைன்னு காட்டியிருப்பாரு. அஞ்சு போடு."

"அஞ்சா? போர்க்கத்தியே நாலுதான்."

"போடு. கத்தி தீட்ட எவ்வளவு நேரம்னு போட்டிருக்கே?"

"போடவே இல்ல."

"பத்து நிமிஷம். உட்கார்ந்து தீட்டணும். நின்னா கை ஆடும், கோணம் மாறும்."

மறுநாள் தம்பி திருத்திய பக்கத்தைக் கொண்டுவந்தான். 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம், அமர்ந்த நிலையில் கத்தியைத் தீட்டுதல் கட்டாயம். நின்றபடி தீட்டினால் பலன் பாதி. கதிர்வீச்சு மண்டலத்தில் நேரம் இரட்டிப்பு. தீட்டத் தவறினால் அடுத்த காயம் எதிரிக்கு அல்ல, ஏந்தியவனுக்கே.' கதிர்வீச்சு மட்டும் அவன் சரக்கு. மற்றதெல்லாம் அவள் சொன்னது. தன் பேச்சுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, கழுத்துவரை பித்தான் போட்டு நிறுத்தின மாதிரி இருந்தது அவளுக்கு.

ஞாயிறு மத்தியானம் மேஜையில் தம்பியைச் சுற்றி மூன்று பேர். சூப்பர்வைசர், பஸ் கண்டக்டர், மருந்துக்கடைக்காரர். ஆட்டத்தில் சூப்பர்வைசருடைய ஆள் ஒரு மேஜர். ஏழு வாரமாகச் சாகாமல் பதக்கம் குவித்துக்கொண்டிருந்தவர். ஃபேக்டரியில் சளி பிடித்த மாதிரி மெல்லப் பேசும் சூப்பர்வைசருக்கு, மேஜராக மாறிவிட்டால் குரல் அடிவயிற்றிலிருந்து வரும்.

"பாலத்தைத் தாண்டணும். மழை பெய்யுது. ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு" என்றான் தம்பி.

கண்டக்டரின் ஆள் படைப்பிரிவின் சமையல்காரன். "நான் உட்கார்ந்து கத்தி தீட்டறேன்" என்றார்.

"அதுக்கெல்லாம் நேரம் இல்ல. நடங்க" என்றார் மேஜர்.

"புது ரூல் சார். புத்தகத்துல இருக்கு."

"கத்தின்னா வெட்டத்தான்யா செய்யும்."

டீத்தட்டோடு வந்த அக்கா சமையலறை வாசலிலேயே நின்றாள். சமையல்காரன் மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்து தீட்டினான். மேஜர் முன்னே நடந்தார். பாலத்தின் நடுவில் எதிரி வந்தான். மேஜர் குத்தினார். பகடையில் ஒன்று விழுந்தது.

"கத்தி அவன் பெல்ட் பக்கிள்ல முட்டி நின்னுடுச்சு. பிடி ஈரம். உங்க கை வழுக்கிக் கூர்மேல போகுது" என்றான் தம்பி. "மூணு விரல் போச்சு சார். அடுத்ததைப் போடுங்க."

அடுத்ததும் ஒன்று. மேஜர் ஆற்றில் விழுந்து செத்துப்போனார். பின்னால் வந்த சமையல்காரன் தீட்டிய கத்தியால் ஒரே குத்தில் எதிரியைச் சாய்த்துவிட்டு, பாலத்தில் கிடந்த மேஜரின் பையிலிருந்து உப்பை எடுத்துக்கொண்டான்.

சூப்பர்வைசர் பகடையைத் தள்ளி வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"பத்து நிமிஷம்" என்றார். "வெறும் பத்தே நிமிஷம் நின்னிருந்தா மனுஷன் பிழைச்சிருப்பாரு. யாராவது ஒருத்தர் சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னேனே சார்" என்றார் கண்டக்டர்.

"இப்படியா சொல்றது. எழுதிக் கொடுத்திருக்கணும்யா."

அக்கா டீயை அவர் முன்னால் வைத்தாள். "ரெண்டு தரம் எழுதிக் கொடுத்தா போதுமா சார்?"

"கண்ணிருக்கிறவனுக்கு ஒரு தரமே போதும்மா" என்று சொல்லி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு டீயை எடுத்தார்.

மனு விஷயம் தெரிந்த கண்டக்டர் கூரையில் எதையோ தேட ஆரம்பித்தார். சூப்பர்வைசருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மேஜரைக் காப்பாற்ற விதியில் ஏதாவது சந்து இருக்கிறதா என்று பார்க்க, போகும்போது கையேட்டை வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை பெல்ட் எப்போதும்போல நிற்காமல் ஓடியது. செவ்வாய்க்கிழமையும் ஓடியது. சூப்பர்வைசர் துக்க வீட்டு முகத்தோடு கண்ணாடி அறைக்குள் புத்தகத்தில் கவிழ்ந்து கிடப்பது ஒன்பதாவது இடத்திலிருந்தே தெரிந்தது. புதன்கிழமை காலை அந்த அறைக்குள் மேனேஜர் நுழைவதையும் அவள் பார்த்தாள். சூப்பர்வைசர் புத்தகத்தை மறைக்கப் போனார். முடியவில்லை. மேனேஜர் அதைக் கையில் வாங்கி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து படிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

அரைமணி நேரம் கழித்து ஆள் வந்தது. "ஒன்பது, உன்னைக் கூப்பிடறாங்க."

கையுறையைக் கழற்றிவிட்டுப் போனாள். மேஜையில் கையேடு திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு தாள். முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது, அவர்கள் கொடுத்த மனு. கவிழ்த்துப் போட்டிருந்தது. இருபத்தோரு கையெழுத்தும் பின்பக்கம் மை ஊறித் தெரிய, அதற்கு மேல் சூப்பர்வைசர் ஒரு பாலம் வரைந்திருந்தார். பாலத்துக்கு முன்னால் ஒரு சின்ன வட்டம். 'இங்கே 10 நிமிடம்' என்று குறிப்பு.

"வாங்கம்மா" என்றார் மேனேஜர். முத்திரை குத்திய காகிதம் என்றால் எழுந்து நிற்கிற ரகம் அவர். "உங்க சூப்பர்வைசர் தானா முயற்சி எடுத்து ராணுவக் கையேடு ஒண்ணு வரவழைச்சிருக்கார். அதிகாரிகளுக்கு மட்டும்னு போட்டிருக்கு. எப்படிக் கிடைச்சதுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறார். நானும் வற்புறுத்தல."

சூப்பர்வைசருக்கு அந்த ஏ.சி. குளிரிலும் வேர்த்து வழிந்தது. வேலை நேரத்தில் விளையாட்டுப் புத்தகம் படித்தேன் என்று சொன்னால் அன்றே கணக்குத் தீர்ந்துவிடும். அவளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மேஜர் பார்க்காத பார்வை.

மேனேஜர் உரக்க வாசித்தார். "'தீட்டத் தவறினால் அடுத்த காயம் எதிரிக்கு அல்ல, ஏந்தியவனுக்கே.' பாத்தீங்களா? உயிரைப் பணயம் வச்சவன் எழுத்து. இதெல்லாம் நம்மால எழுத முடியுமா? ஆனா ஒரு இடம் புரியல. கதிர்வீச்சு மண்டலம்னு என்னத்தைச் சொல்றாங்க?"

சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "குளிர் அறையைத்தான் சார்."

"ஓ." மேனேஜர் ஓரத்தில் குறித்துக்கொண்டார். "ஏம்மா, நீங்க பழைய ஆள். இதுல சொல்றது நடைமுறைக்குச் சரியா வருமா?"

அவள் மேஜையைப் பார்த்தாள். இந்தப் பக்கம் அவள் சொன்னது, முத்திரையோடு. அந்தப் பக்கம் அதையே அவள் எழுதிக் கொடுத்தது, பாலத்தோடு. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மேனேஜர் அவள் பேச்சை வாசித்து மெச்சுகிறார். என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நிமிஷமே அது வெறும் காகிதம். வாய்வரை வந்துவிட்டது. வலது கை விரல்களை இடது கையால் பிடித்து மடக்கிப் பார்த்தாள். இரண்டு மடங்கின. மூன்றாவது யோசித்தது.

"ராணுவத்துல சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றாள். "எங்களுக்கு என்ன தெரியும்."

சூப்பர்வைசர் மூச்சு விட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை சுற்றறிக்கை ஒட்டினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம். குளிர் அறை ஆட்களுக்கு இருபது. அவர்களுக்கு ஏன் இந்த யோகம் என்று அவர்களுக்கே விளங்கவில்லை. கேட்டால் போய்விடுமோ என்று யாரும் கேட்கவும் இல்லை. 'அமர்ந்த நிலையில்' என்று எழுதியிருந்ததால் நாலு மரப்பெஞ்சுகளும் வந்து இறங்கின. முன்னெல்லாம் தீட்டும் நேரத்திலும் நின்றுகொண்டேதான் தீட்டினார்கள். பெஞ்ச் என்று ஒன்றை மனுவில் கேட்க அவர்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பத்து மணிக்குப் பெல்ட் நின்றது. அக்கா உட்கார்ந்தாள். ரப்பர் பூட்ஸுக்குள் கால் என்னவோபோல் இருந்தது. கல்லில் தண்ணீர் விட்டு, முழங்காலில் கையை ஊன்றி, ஒரு பக்கமாக மெதுவாக இழுத்தாள்.

சூப்பர்வைசர் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்த அத்தியாயம் கொண்டுவான்னு கேக்கறாரும்மா. ரேஷன் அத்தியாயம். அதுல சிப்பாய்க்கு ஒரு வேளைச் சாப்பாடுதான்னு இருக்கு. விடுப்பே கிடையாதுன்னும் இருக்கு."

"அது பழைய பதிப்பு சார். தம்பி இன்னிக்கே மாத்திடுவான். மூணு வேளை. விடுப்புக்குத் தனிப் பக்கம்."

"சரி." போகாமல் நின்றார். குரலை இன்னும் இறக்கினார். "அப்புறம்... மேஜர் ஆத்துலதானே விழுந்தாரு. உடம்பு கிடைக்கலையே. தம்பிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

அவள் கத்தியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். முனையில் இன்னும் ஒரு பொட்டு வெள்ளை மின்னியது. மழுங்கின இடம் அப்படித்தான் மின்னும்.

"எழுதிக் கொடுங்க சார், பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தாள்.

பெஞ்சில் இடம் இருந்தது. ஆனாலும் அவர் நின்றுகொண்டேதான் இருந்தார், சட்டைப்பையில் பேனாவைத் தடவியபடி.