பன்னிரண்டு கட்டில் வீடு

மாடிப்படியின் திருப்பத்தில் சவப்பெட்டி சிக்கிக்கொண்டது. காலையில் அதை மேலே ஏற்றியவர்கள் ஆஸ்பத்திரி ஆட்கள், பழகிய கைகள். சாய்த்து நிமிர்த்தி ஒரே மூச்சில் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது இறக்குகிறவர்கள் வீட்டில் தங்கியிருக்கும் ஆண்கள். மேலே நின்றவர்கள் இழுக்கச் சொன்னார்கள், கீழே நின்றவர்கள் பொறுக்கச் சொன்னார்கள். நடுவில் கைப்பிடிக் கம்பி யார் பேச்சையும் கேட்கவில்லை.

அவள் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருப்பவர் முப்பத்தொரு வருடம் அவளோடு வாழ்ந்தவர். ஒரு கதவைக்கூட ஓங்கிச் சாத்தத் தெரியாத மனிதர். அவரை இப்படிச் சுவரில் இடிக்கிறார்களே என்று மனம் பதைத்தது.

கீழ்ப்பக்கம் தோள் கொடுத்திருந்தவர்களில் ஒருவன் வெல்டர். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான்.

"நீங்க இங்கயா இருக்கீங்க? பாத்ததே இல்லையே."

"ராத்திரி ஷிஃப்ட். ரொட்டி பேக்டரி. ஏழாம் நம்பர் கட்டில்."

"நானும் ஏழுதான்," என்றான் வெல்டர்.

இருவரும் பெட்டிக்கு அடியில் தலையைத் திருப்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருடமாக ஒரே மெத்தையில் படுக்கிறவர்கள். ஒருவன் காலை ஆறு மணிக்கு எழுந்து போனால் மற்றவன் ஆறரைக்கு வந்து படுப்பான். மெத்தையில் விழுந்த பள்ளத்தை வைத்து இன்னொருவன் எவ்வளவு உயரம் என்று இருவருக்கும் தெரியும். முகம்தான் தெரியாது.

"தலகாணியில வர்ற அந்த ரொட்டி வாசனை நீங்கதானா?"

"கட்டிலுக்கடியில இரும்புத் தூளக் கொட்டிட்டுப் போறது நீங்கதான?"

பின்னால் யாரோ ஒருவன் சிரிக்கப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த அசைவில் எப்படியோ பெட்டி கம்பியை விட்டு வந்தது. படிப்படியாக அவர் கீழே இறங்கினார்.

அவரை மாடிக்குக் கொண்டுபோனதே இடமில்லாமல்தான். சனிக்கிழமை காலை இறந்தவர். ஞாயிறு அடக்கத்துக்கு நேரம் கிடைக்காததால் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக் குளிரறையில் இருந்தார். இன்று, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி வந்தபோது கீழ்க்கூடத்திலும் இரண்டு அறைகளிலும் கிடந்த பன்னிரண்டு கட்டிலிலும் ராத்திரிக்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பட்டுமா என்று வண்டிக்காரன் கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். அவர் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். காலியாக இருந்தது மாடியில் அவர்களுடைய ஒற்றை அறை மட்டும்.

வாசலில் ஒரு தகரப் பலகை உண்டு: பன்னிரண்டு படுக்கைகள், பன்னிரண்டு நபர்களுக்கு மட்டும் அனுமதி. விடுதிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸ்காரர்கள் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனது. மாட்டிய வாரத்திலிருந்தே அந்த வீட்டில் இருபத்துநான்கு பேர் இருந்தார்கள், பகலுக்குப் பன்னிரண்டு, ராத்திரிக்குப் பன்னிரண்டு. அந்தச் சந்தில் எல்லா விடுதியும் அப்படித்தான். காலை ஆறு, மாலை ஆறு என்று இரண்டு வேளையும் அவள் கணவர் பன்னிரண்டு கட்டிலுக்கும் விரிப்பு மாற்றுவார். வேலை முடிந்து வருகிறவன் அடுத்தவன் வேர்வையில் படுக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அதை அவர் ஒரு வழிபாடு மாதிரி செய்தார். சில நாள் விரிப்பை உதறும்போது உதடு அசையும். யாருக்காக வேண்டிக்கொள்கிறார் என்று அவள் கேட்டதில்லை.

பத்து வருடம் முன்பு மக்கள்தொகைக் கணக்குக்கு ஒருவர் பகல் வேளையில் வந்தார். தூங்கிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரைப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். அவள் பலகையைக் கை காட்டி, இவ்வளவுதான் என்றாள். கணவர் அப்போது விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்து உதறினார். சந்து முழுவதும் வீட்டுக்கு வீடு பாதிப் பேர் இப்படியே காணாமல் போனார்கள். ஒருவர் மேலும் குற்றமில்லை. எல்லோருக்கும் பிழைப்பு இருந்தது, சிலருக்கு அடையாளக் காகிதமும் இல்லை.

இரண்டு வருடம் கழித்துச் சந்து முனையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியை மூடினார்கள். இந்தப் பகுதியில் வசிப்போர் இத்தனை பேரே, இவர்களுக்குத் தனி மருத்துவர் தேவையில்லை என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டு வந்த கணவர் சாப்பிடும்போது, "நம்ம சந்துல பாதிப்பேரு இல்லையாம்," என்றார். அவள் காதில் விழாத மாதிரி தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.

இந்த வருடம் மறுபடி கணக்கு என்றதும் அவர் தானாகவே போய் உதவி ஆளாகப் பெயர் கொடுத்தார். மாலை நேரங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பெயரைச் சொல்லுங்கள், யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள், இந்தத் தாள் வேறு எந்த ஆபீசுக்கும் போகாது என்று கதவுக்குக் கதவு நின்று சொன்னார். பாதிக் கதவுகள் திறக்கவில்லை. ஒரு நாள் எதிர்க்கடை முடிதிருத்துகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, "அண்ணே, ஊருக்கெல்லாம் சொல்றீங்க. மொதல்ல உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க," என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து அவளிடம் அதைச் சொல்லவில்லை. அவளே கேள்விப்பட்டாள். அன்றைக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேச அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை காலை நான்காம் கட்டிலுக்கு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே அதில் உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. ஆம்புலன்ஸ் ரயில்பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும், கேட் மூடியிருந்தது. ஐம்பது நிமிடம் ஆயிற்று. அந்தக் கட்டிலுக்காக ஒரு காவலாளி வாசற்படியில் காத்து நின்றிருந்தான், இரவெல்லாம் நின்று வந்த கால்கள். அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"இரு தம்பி, எந்திரிச்சிடறேன். நீ படுக்கணுமில்ல."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மணி நாலரை. பகல்காரர்கள் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார்கள். ராத்திரிக்காரர்கள் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்திருந்தார்கள். இருபத்துநான்கு பேரும் ஒரே நேரத்தில் அந்த வீட்டில் இருந்தது அதுவே முதல் தடவை. இருக்க இடமில்லை. கூடத்துக் கட்டில்களில் மூன்று மூன்று பேராக உட்கார்ந்தார்கள், மிச்சப் பேர் சுவரோரம் நின்றார்கள். யார் எந்தக் கட்டில் என்று மெல்லிய குரலில் விசாரித்துக்கொண்டார்கள். முடிதிருத்துகிறவர் எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் அண்ணனைக் கிண்டல் செய்தது உறுத்தியிருக்க வேண்டும். காலையிலிருந்து கடையைத் திறக்கவில்லை.

ஐந்து மணிக்குக் கணக்கெடுக்கும் டீச்சர் வந்தார். தோளில் பை, செருப்பெல்லாம் புழுதி. வாசலில் கிடந்த உதிர்ந்த பூக்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நாளைக்கு வருகிறேன் என்று திரும்பப் போனவரை முடிதிருத்துகிறவர் தடுத்தார்.

"இதுக்கு எதுக்கு நாளைக்கு அலையணும் டீச்சர்? இவங்கெல்லாம் துக்கத்துக்கு வந்தவங்க. வீட்ல இருக்கறது பன்னெண்டு பேரும் அக்காவும். எழுதிக்கிட்டு கெளம்புங்க. அக்காவ தொந்தரவு பண்ண வேணாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அவளுக்கு அது தெரியும். டீச்சரும் தலையாட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எல்லாம் பழையபடியே முடிந்துவிடும். பலகை அதன் இடத்தில் இருக்கும், வீடும் இருக்கும். உண்மையைச் சொன்னால் நாளைக்கே யாராவது வந்து கதவுக்கு முத்திரை வைக்கலாம். அவர் இல்லாமல், இந்த வீடும் இல்லாமல் அவள் எங்கே போவாள்? அவள் மட்டுமா? சுவரோரம் நின்றவர்களில் மூன்று பேர் சமையலறைப் பக்கம் நகர்வதைப் பார்த்தாள். பின்கதவின் தாழ்ப்பாள் மெல்ல விலகும் ஓசை கேட்டது.

கடவுளே, ஒரு வழி காட்டு என்று நினைத்தாள். பதிலாக வந்து நின்றது அந்த ஐம்பது நிமிடம்தான்.

"தம்பி சொன்னது சரியில்ல டீச்சர். இவங்க துக்கத்துக்கு வந்தவங்க இல்ல. இங்கயே இருக்கறவங்க. இருபத்துநாலு பேரு."

டீச்சர் கூடத்தை எட்டிப் பார்த்தார். "கட்டில் பன்னெண்டுதானம்மா இருக்கு?"

"ஒருத்தர் எந்திரிச்சா ஒருத்தர் படுப்பாங்க."

"அக்கா, யோசிச்சுப் பேசுங்க," என்றார் முடிதிருத்துகிறவர்.

"பத்து வருஷமா யோசிச்சாச்சு தம்பி."

டீச்சர் குரலைத் தணித்து, இந்தத் தாளை விடுதி ஆபீசுக்குக் காட்ட மாட்டார்கள், காட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றார். அதே வார்த்தைகளைக் கணவர் வாயால் கேட்டபோது அவள் நம்பவில்லை. இப்போதும் முழுவதும் நம்பினாள் என்று சொல்ல முடியாது.

டீச்சர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். முதலில் யாரும் வரவில்லை. பிறகு அந்தக் காவலாளி வந்து எதிரில் குந்தினான். அவனுக்குப் பின்னால் வெல்டர், வெல்டருக்குப் பின்னால் ரொட்டிக்காரன். ஏழாம் கட்டிலுக்கு இரண்டு பேரையும் சேர்த்து ஒரு வரியில் எழுதுவார்களா என்று ரொட்டிக்காரன் கேட்டான். கட்டிலை எழுத இதில் இடமே இல்லை, ஆளுக்குத்தான் இடம் என்றார் டீச்சர். அவன் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தன் பெயரை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்.

பின்கதவு வழியாகப் போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். மூன்றாமவன் குழாய் வேலைக்காரருக்குக் கையாளாக இருந்தவன், வரவில்லை. அவனைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை அவளே சொன்னாள். அவள் அறிந்த பெயர் அவனுடைய நிஜப் பெயர்தானா என்றுகூட அவளுக்கு நிச்சயமில்லை. மறுநாளும் அவன் வரவில்லை, அந்த வாரமும் வரவில்லை. துவைத்துப் போட்டிருந்த அவன் சட்டை கொடியிலேயே கிடந்தது. அந்தப் பாரத்தை அவள் வேறு யார் மேலும் இறக்கி வைக்கவில்லை.

கடைசியாக டீச்சர் அவளைப் பற்றிக் கேட்டு எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவள் இன்னும் எதையோ எதிர்பார்த்து நிற்பது தெரிந்தது.

"அவர எழுதலையே."

"அவரு எப்பம்மா...?"

"சனிக்கெழம. காலையில."

டீச்சர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உயிரோடு இருந்தவர்களைத்தான் கணக்கில் சேர்க்கலாம் என்பது அவளுக்கும் தெரியும். கதவுக்குக் கதவு அதை விளக்கிச் சொன்னவரே அவள் கணவர்தான்.

"முடியாதும்மா," என்றார் டீச்சர்.

அவள் சரி என்று தலையாட்டினாள். காவலாளி எழுந்து கட்டிலின் ஓரத்தில் அவளுக்கு இடம் விட்டான். காலையிலிருந்து அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள்.

டீச்சர் பேனாவை மூடினார். தாள்களை அடுக்கிப் பையில் வைத்து, பையையும் மூடினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. முக்காலியை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"அவருக்கு வயசு என்னம்மா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"அறுபத்திரெண்டு."

"எங்க பொறந்தாரு?"

சொன்னாள்.

"எதுவரைக்கும் படிச்சாரு?"

"அஞ்சாவது. ஆனா நல்லாப் படிப்பாரு. எந்தத் தாளக் குடுத்தாலும் படிச்சிடுவாரு."

"என்ன வேலை?"

அதற்கு மட்டும் அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. ஆறு மணிச் சங்கு ஊதியது. ராத்திரிக்காரர்கள் கிளம்பியிருக்க வேண்டிய நேரம், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.