காரணமின்றி விலகியவர்

உறவுக்காரர்கள் இணையத்தில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கப் போகிறாள் என் தம்பி மகள். அதற்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவையே எடுத்துக்கொண்டாள். விலகிப்போன என் தங்கை உட்பட எல்லோரும் ஒப்புதல் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டார்கள். ஆயுள் முழுக்கப் பத்திரம் எழுதியவன் நான், படித்தேன், மறுத்தேன்.

“யார் பேரும் வராது பெரியப்பா. வெறும் நம்பர்தான்.”

“நம்பர் போட்டா வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளயே நின்னுடுமா? நான் எழுதினது ஒண்ணுகூட அதுல இருக்கக் கூடாது.”

“அப்போ பாதி குட் மார்னிங் போயிடும்,” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நான் அஞ்சியது ஒரே ஒரு செய்திக்குத்தான். மூன்று வருடத்துக்கு முன் தங்கை என்னைக் கேட்காமல் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாள். இனி என் வாசல் மிதிக்க வேண்டாம் என்று எல்லோரும் பார்க்கக் குழுவில் எழுதினேன். அன்றே விலகினாள். பிறகு பேச்சில்லை.

அடுத்த வாரம் திருத்திய தாள்களோடு வந்தாள் தம்பி மகள்.

“சுத்தமா எடுத்துட்டேன் பெரியப்பா. எங்கயும் பேச்சு அறுபடல. உங்களுக்கு யாரும் பதில் போட்டதில்லையா, ஈசியாப் போச்சு.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். உண்மைதான். நானில்லாமல் சிரித்தார்கள், காய்ச்சல் விசாரித்தார்கள். ஒரு பக்கத்தில் யாரோ புது சோபாவின் படம் போட்டிருக்க, நாலு பேர் விலை கேட்டிருந்தார்கள். அடுத்த வரி: ‘உறுப்பினர் 6 வெளியேறினார்.’ ஓரத்தில் பென்சிலால், ‘காரணமின்றி விலகியவர்.’

“இது என்னம்மா?”

“அத்தைதான். உங்க மெசேஜை எடுத்துட்டா வேற என்னன்னு போடறது?”

“என் தங்கச்சி காரணமில்லாம எழுந்து போறவ இல்ல.”

தாள்களை அவளிடமே திருப்பி நீட்டினேன்.

“எல்லாத்தையும் திருப்பிப் போடு.”

“அந்த மெசேஜுமா?”

“அதைத்தான் சொல்றேன்.”

படிவத்தில் மூன்று இடத்திலும் கையெழுத்திட்டேன். அவள் பையை மூடிக்கொண்டே கேட்டாள்: “அத்தைக்கு ஒரு போன் போடலாமே பெரியப்பா?”

“புத்தகம் அச்சானதும் அவளுக்கு ஒண்ணு அனுப்பு. நான் சொன்னேன்னு சொல்லாதே.”

“முந்நூறு பக்கம் வரும். அத்தை எங்க படிக்கப் போறாங்க!”

“அந்தப் பக்கம் மட்டும் மடிச்சு வை.”