சுருதி இறங்கிய இடம்

மாவு மில் நின்ற பிறகுதான் வைசனின் ஸ்டூடியோவில் வேலை தொடங்கும். நிடிராண்டே பேட்டையில் சோள மாவு மில்லின் முதுகோடு ஒட்டிய அறையை வாடகைக்குப் பிடித்தவன் வேறு என்ன செய்வான்? சனிக்கிழமைகளில் மில்காரர் பகல் ஒரு மணிக்குக் கதவைச் சாத்துவார். அதுவரை பாடகர் குழு வாசலில் உட்கார்ந்து, எண்ணெய் சொட்டும் மண்டாசிப் பணியாரத்தைத் தின்றுகொண்டு தொண்டையைக் கெடுத்துக்கொள்ளும்.

அறை சின்னது. சுவர் முழுக்க முட்டை அட்டை. கம்ப்யூட்டர் திரையின் முதுகுதான் பாடுகிறவர்களுக்குத் தெரியும். அப்படி வைத்ததில் காரணம் உண்டு. அந்த வட்டாரத்து ஸ்டூடியோக்காரர்கள் எல்லாரும் தொழில் கற்கும்போதே கற்றுக்கொள்ளும் முதல் பாடம் அது. பதிவு நடக்கும்போது சாஃப்ட்வேர் படுத்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. "சுருதி கொஞ்சம் இறங்கிடுச்சு, இன்னொரு தடவை பாடலாம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் மெஷினை எழுப்பிவிட வேண்டும். இன்னாருடைய மெஷின் அடிக்கடி விழுகிறது என்று ஒரு தேவாலயத்துக்குத் தெரிந்தால் போதும், அடுத்த குழு எதிர்த்த தெரு ஸ்டூடியோவுக்குப் போய்விடும்.

வைசன் இந்தப் பொய்யை எட்டு வருஷமாகச் சொல்லி வந்தான். சொல்லிச் சொல்லி அது பொய் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை வந்தது கச்சாலே ஐயா நடத்தும் தேவாலயக் குழு. பதினோரு பேர். பாட்டைத் தொடங்கிக் கொடுப்பவள் ஸியோனே. சந்தையில் உசிபாப் பொடிமீன் கருவாடு விற்கிறவள், நாற்பத்தைந்து வயது. அவள் முதல் வரியை எடுத்துக் கேள்வியாகப் பாடினால் மற்றவர்கள் பதில் பாடுவார்கள். அவள் எடுக்காவிட்டால் பாட்டே கிடையாது. பதினேழு வருஷமாக அந்த இடம் அவளுடையது.

"தம்பி, போன தடவை மாதிரி எதிரொலி போட்டுடு. அது காதுல கேட்டாத்தான் எனக்குப் பாட வரும்," என்றாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டே.

"உங்களுக்கு இல்லாததாக்கா!" என்றான் வைசன்.

அந்த எதிரொலியால்தான் அவன் ஸ்டூடியோவுக்குப் பெயரே. ஒரு நண்பன் பென் டிரைவில் கொடுத்த ப்ளக்-இன், பூட்டை உடைத்து எடுத்தது. சின்ன அறையில் பாடினாலும் பெரிய கோவிலுக்குள் பாடுகிற மாதிரி கேட்கும். போன மாதம் சாஃப்ட்வேரின் புதிய பதிப்பை ஏற்றியதிலிருந்து இரண்டுக்கும் ஒத்துவரவில்லை.

ஸியோனே பாடினாள். மூன்றாவது சரணத்தில் "படகு திரும்பும் வேளை" என்று குரல் ஏறும் இடத்தில் திரை உறைந்தது. ஓடிக்கொண்டிருந்த கோடு அப்படியே நின்றது. பிறகு எல்லாம் மூடிக்கொண்டது.

வைசன் கையைத் தூக்கினான். "அக்கா, அந்த 'படகு' வர்ற இடத்துல லேசா இறங்கிடுச்சு. இன்னொரு தடவை போயிரலாமா?"

"அப்படியா? எனக்குத் தெரியலையே," என்றாள் அவள். "சரி, போலாம்."

இரண்டாவது முறையும் அதே இடம். எதிரொலிதான் காரணம் என்று அப்போதே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதை எடுத்துவிட்டுப் பதிவு செய்து, பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்தால் ஹெட்போனில் அவளுக்குத் தெரிந்துவிடும், ஏன் என்று கேட்பாள். அதனால் பஃபர் அளவைக் கூட்டினான். வைரஸ் தடுப்பை நிறுத்தினான். பிரவுசரை மூடினான். இணைய வயரைக்கூடப் பிடுங்கினான். எதிரொலியை மட்டும் தொடவில்லை. மூன்றாவது முறை விழுந்தது. நான்காவது முறையும் விழுந்தது.

ஒவ்வொரு முறையும் நாக்கு கூசாமல் அவன் அதே இடத்தைச் சொன்னான். பொய்யில் இடத்தை மாற்றினால் மாட்டிக்கொள்வோம் என்ற கெட்டிக்காரத்தனம் வேறு.

"என்னக்கா இன்னிக்கு? கருவாட்டைக் கூவிக் கூவித் தொண்டையை வித்துட்டு வந்துட்டியா?" என்று ஆண்கள் வரிசையிலிருந்து யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். ஸியோனேயும் சிரித்தாள். ஐந்தாவது முறை யாரும் சிரிக்கவில்லை.

ஆறாவது முறை முடிந்ததும் அவளே ஹெட்போனைக் கழற்றினாள். "ஐயா, என்னால எல்லாருக்கும் நேரம் வீணாப் போகுது. ட்ரிசா எடுக்கட்டும்."

கச்சாலே ஐயா ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்றிருக்கலாம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ட்ரிசா இருபத்து நான்கு வயதுப் பெண். தயங்கித் தயங்கி மைக்கின் முன் வந்தாள். எதிரொலிக்குப் பழகாதவள். அவளிடம் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வைசன் ப்ளக்-இன்னை எடுத்தான்.

பாட்டு தொடக்கத்திலிருந்து முடிவு வரை தங்குதடையில்லாமல் ஓடியது.

குழு கைதட்டியது. "பாத்தீங்களா, ஒரே தடவை!" என்று கத்தினார்கள். ட்ரிசாவை மூன்று பேர் கட்டிப்பிடித்தார்கள். ஸியோனேயும் கைதட்டினாள். அவள் இடுப்பில் சுற்றியிருந்த சிட்டெஞ்சேத் துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டியதையும், யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போனதையும் வைசன் பார்த்தான். பார்த்தானே தவிர அவன் எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை கம்ப்யூட்டரில் இடம் போதாமல் பழைய கோப்புகளை அழிக்க உட்கார்ந்தான். சாஃப்ட்வேர் விழும்போதெல்லாம் தானாகச் சேமித்து வைத்த அரைகுறைப் பதிவுகள் ஒரு மூலையில் கிடந்தன. மொத்தம் ஆறு. அழிப்பதற்கு முன் முதலாவதைக் கேட்டான்.

சுருதி இறங்கவே இல்லை. மூன்றாவது சரணம் அப்படி எழுந்து நின்றது. இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில் "படகு" வருவதற்கு முன் ஒரு சின்ன மூச்சு, முன் இரண்டிலும் இல்லாத மூச்சு. நான்காவதில் அந்தச் சொல்லை அவள் மெல்ல, பயந்து பயந்து தொட்டாள். ஐந்தாவதில் குரல் நடுங்கியது. ஆறாவதில், அவன் சொன்ன அதே இடத்தில், அவன் சொன்ன அதே அளவுக்கு, சுருதி இறங்கியிருந்தது.

வைசன் ஆறாவதைத் திரும்பப் போட்டான். மறுபடியும் போட்டான். தன் வாயில் இருந்த பொய்யை அவள் தொண்டைக்குள் தானே இறக்கி வைத்துவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே எழுந்து சந்தைக்குப் போனான்.

சந்தையில் ஸியோனே டின் குவளையால் உசிபாவை அளந்து போட்டுக்கொண்டிருந்தாள். "வா தம்பி. ட்ரிசா பாட்டு தயாராயிடுச்சா?"

"அக்கா, அன்னிக்கு உங்க சுருதி இறங்கல. மெஷின்தான் விழுந்துச்சு. ஆறு தடவையும்."

அவள் குவளையைக் கீழே வைக்கவில்லை. "முதல் தடவை?"

"சுத்தமா இருந்துச்சுக்கா."

"இரண்டாவது?"

"அதுவும்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஆறாவதைப் பற்றி அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"ஆறு தடவை உன் மெஷினைத் தூக்கி நிறுத்தின," என்றாள் கடைசியில். "பக்கத்துலதானே நான் விழுந்துட்டிருந்தேன். நாலு நாளா வீட்டுல முணுமுணுக்கக்கூட இல்லப்பா. சமையல் பண்றப்ப வாய் தானா பாட ஆரம்பிக்கும், நானே அடக்கிக்குவேன்."

"மன்னிச்சிடுங்கக்கா."

"இங்க வந்து கருவாட்டுக்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன பிரயோஜனம்? குழுவுல எல்லாரும்தான் கேட்டாங்க. நாளைக்குப் பயிற்சிக்கு வா. அங்க சொல்லு."

வியாழக்கிழமை அவன் போனான். தேவாலயத்தின் பின்பக்க பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று, தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தான்.

ட்ரிசாதான் முதலில் பேசினாள். "அப்ப நான் ஒரே தடவையில பாடினது?"

"நீயும் நல்லாத்தான் பாடினம்மா. ஆனா அப்ப மெஷின் சரியா இருந்துச்சு."

அவள் முகம் சுருங்கியது. செய்த பாவத்துக்குள் இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை.

அடிக்குரல் பாடும் லாமெக் எழுந்து நின்றார். "டேய், போன வருஷம் என் குரல் இறங்குதுன்னு மூணு தடவை பாட வெச்சியே?"

வைசன் இன்னும் தரையைத்தான் பார்த்தான். "அதுவும் மெஷின்தான்ண்ணே."

"ஒரு வருஷமா எலுமிச்சம்பழத் தண்ணி குடிக்கிறேன்டா நாசமாப் போனவனே! பல்லெல்லாம் கூசுதுடா!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸியோனே சிரிக்கவில்லை. கச்சாலே ஐயா மட்டும் தன் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார்.

"சனிக்கிழமை மறுபடி பதிவு பண்ணலாம்," என்றார். "தொடக்கம் ஸியோனேதான். ட்ரிசா, நீ கூடவே நில்லும்மா."

சனிக்கிழமை மில் நின்றது. வைசன் எதிரொலி ப்ளக்-இன்னை அடியோடு அழித்திருந்தான். பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றி, காலையிலிருந்து நான்கு முறை வெறும் பதிவு ஓட்டிப் பார்த்திருந்தான். ஒரு முறைகூட விழவில்லை. மேசையை இழுத்து, திரையைப் பாடுகிறவர்கள் பக்கம் திருப்பி வைத்தான்.

"இனிமே நீங்களே பாத்துக்கலாம். விழுந்தா உங்களுக்கும் தெரியும்."

ஸியோனே தொடங்கினாள். எதிரொலி இல்லாத, எந்தப் பூச்சும் இல்லாத குரல். முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. லாமெக்கின் அடிக்குரல் கீழே கல்லுப்போல நின்றது. திரையில் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது சரணம் வந்தது. "படகு" வரும் இடம் நெருங்கியது. அவள் மூச்சை இழுத்தாள்.

நிறுத்திவிட்டாள்.

யாரும் அவளை நிறுத்தவில்லை. வைசனின் கை மேசைக்கடியில் இருந்தது. ஆனாலும் அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் கை தூக்கப்போகிறான் என்று காத்திருப்பதுபோல. பின்னால் பத்துப் பேர் பதிலுக்கு வாயைத் திறந்தபடியே நின்றார்கள்.

"இறங்கிடுச்சா தம்பி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா." அவன் திரையின் பக்கம் திரும்பினான். "இறங்கலக்கா. திரையைப் பாருங்க, ஓடிட்டுத்தான் இருக்கு."

அவள் திரையைப் பார்த்தாள். கோடு, ஒன்றுமே பாடப்படாத கோடு, நேராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பவும் அவன் முகத்தையே பார்த்தாள்.

"நிஜமாத்தானே சொல்ற?" என்றாள்.